அப்பாவின் பிஸ்டலும் கச்சேரியில் ஆள் தெரிந்தவரும்

கேள்வி: இலங்கையின் கிழக்கே ஆலையடிவேம்பில் அரிசி ஆலை நடத்திய என் அப்பா மாசி மாதம் காலமாகிவிட்டார். தற்பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்துடன் அவர் வைத்திருந்த க்ளொக் 19 பிஸ்டல் அவருடைய அலுமாரியில் கிடக்கிறது. பத்திரம் டிசம்பர் 31 வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது. கனடாவில் உள்ள அண்ணாவிடமும் இதே துப்பாக்கி உண்டு. "ஆயிரக்கணக்கில் சுட்டுவிட்டேன், ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை, கொடுத்துவிடாதே" என்கிறார். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஆள் தெரிந்த ஒருவர், பொலிஸ் அறிக்கை இல்லாமலே என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அலுமாரியைப் பூட்டுங்கள். திறப்பை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். பிள்ளைகளுக்கோ, துக்கம் விசாரிக்க வருபவர்களுக்கோ அதை எடுத்துக் காட்ட வேண்டாம். பிறகு அக்கரைப்பற்றுப் பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, வந்து பொறுப்பேற்கும்படி கேளுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்துடன் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து முச்சக்கர வண்டியில் ஏறுகிறவர்கள் பலர். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால், உங்கள் பெயரில் பத்திரம் இல்லாத துப்பாக்கியுடன் நிற்பவர் நீங்கள்தான். அந்த இடத்தில் நல்ல எண்ணத்தை எப்படி நிரூபிப்பீர்கள்?

பத்திரத்தில் டிசம்பர் 31 என்று இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தத் தேதி அப்பாவுக்கு உரியது. அனுமதி ஆளுக்குக் கொடுக்கப்படுவது, அவரோடு அது முடிந்துவிடுகிறது. அடுத்தவர் பெயரிலுள்ள சீசன் டிக்கெட்டில் நாள் மிச்சம் இருக்கிறது என்று நாம் பஸ்ஸில் ஏறுவதில்லை அல்லவா? துப்பாக்கிகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். பழைய சட்டம்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். 1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை மிகக் கடுமையாக்கிவிட்டது. யுத்த காலத்துச் சட்டம் அது. வீட்டு அலுமாரிக்கும் காட்டு முகாமுக்கும் வித்தியாசம் பார்த்து எழுதப்பட்டதல்ல.

இப்போது அண்ணாவின் பேச்சுக்கு வருவோம். க்ளொக் நம்பகமானது என்பதில் அவர் சொல்வது சரி. 1982இல் ஆஸ்திரிய இராணுவம் தெரிவு செய்த பிஸ்டலின் வழிவந்தது இது. பிடிப்பகுதி பிளாஸ்டிக் வகை, துருப்பிடிப்பதும் குறைவு. ஆனால் அவரிடம் இருப்பது பெரும்பாலும் உங்கள் அப்பாவுடைய அதே துப்பாக்கியாக இருக்காது. கனடாவில் 105 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ நீளமான குழல் கொண்ட கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண க்ளொக் 19இன் குழல் 102 மில்லிமீற்றர்தான். அதனால் அந்த நாட்டுக்கென்று குழலைச் சற்று நீட்டிய ஒரு வகை விற்கப்பட்டது. அதையும் அவரால் இன்று தன் மகனுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 2022 அக்டோபர் 21 முதல் அங்கே தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. தன் வீட்டில் செய்ய முடியாததை உங்கள் வீட்டில் செய்யச் சொல்கிறார்.

அண்ணாவின் அனுபவம் சுடுதளத்தில் கிடைத்தது. புதிய ரவை, சுத்தம் செய்யும் மேசை, பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர். அப்பாவின் ரவைகளோ கடற்கரைக் காற்றில் எத்தனை காலம் கிடந்தனவோ, யாருக்குத் தெரியும். ஒருதரம் சுட்டுப் பார்த்து வைத்தால் நல்லது என்பவரையும், தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பிஸ்டலில் விரலால் மேலே கீழே தள்ளும் பூட்டு கிடையாது. விசையின் நடுவே மெல்லிய நாக்குப் போல இன்னொரு விசை தெரியும். விரல் அதை அழுத்தி விசையை இழுத்தால் எல்லாப் பாதுகாப்பும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிவிடும். ரவைகள் அடுக்கியிருக்கும் மகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிடாது, குழலின் பின்னாலுள்ள அறையில் ஒரு ரவை இருக்கலாம். போதாக்குறைக்கு, இந்த வகையைச் சுத்தம் செய்யக் கழற்றுவதற்கு முன் விசையை ஒருதரம் இழுத்தாக வேண்டும். மகசினை எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் விசையை இழுத்துக் கையிலோ காலிலோ சுட்டுக்கொண்டவர்கள் இதை நன்றாகத் தெரிந்த நாடுகளிலேயே இருக்கிறார்கள். ஆகவே தூசி தட்டக்கூடத் தொட வேண்டாம்.

பொலிஸார் வரும்போது கிராம உத்தியோகத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை வெறுமையாக்குவது அவர்கள் வேலை. உங்கள் வேலை பற்றுச்சீட்டு. க்ளொக்கில் இலக்கம் மூன்று இடங்களில் இருக்கும்: விசைக்கு முன்னால், குழலுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் பகுதியின் அடியிலே பதித்த சிறிய உலோகத் தகட்டில், மேலே வழுக்கி நகரும் இரும்புப் பாகத்தில், குழலில். மூன்றையும் வாசித்து, பத்திரத்திலுள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். எத்தனை மகசின், எத்தனை ரவை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். "பிஸ்டல் ஒன்று" என்று மட்டும் எழுதிய துண்டுக் கடதாசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் பிறகு ரவைக் கணக்குக்குப் பதில் சொல்ல அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அப்படியிருந்தும் சிங்களத்தில் எழுதி "கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டுவார்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழில் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்டால் முகம் கோணும், கோணட்டும்.

அலுமாரியிலேயே ஒரு கடிதத்தையும் தேடிப் பாருங்கள். 2024 இறுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அப்பா அதற்கு என்ன செய்தார் என்பதைக் காட்டும் கடிதமோ பற்றுச்சீட்டோ கிடைத்தால் பிரதி எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டாலும் பொலிஸை அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போட்டால் கேள்விகள்தான் கூடும்.

இனி அந்தக் கச்சேரி மனிதர். பிஸ்டலுக்கு அனுமதி கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு. கச்சேரியில் எவ்வளவு பெரிய ஆளைத் தெரிந்திருந்தாலும் இந்தக் காரியத்தில் அவருக்கு வேலையே இல்லை. பொலிஸ் அறிக்கை இல்லாமல் மாற்றலாம் என்பது வெறும் பொய். அவர் கையாளப்போகும் வித்தையையும் சொல்கிறேன். அப்பா உயிரோடு இருந்தபோது துப்பாக்கியை உங்களுக்குக் கொடுக்கச் சம்மதித்ததாகப் பழைய தேதியில் ஒரு கடிதம் தயாராகும். அதில் அப்பாவின் கையொப்பம் இருக்கும். பணம் வாங்கியவர் மறைந்துவிடுவார். இறந்தவரின் கையொப்பத்தைப் போலியாக்கிய கடிதத்தைக் கொடுத்து விண்ணப்பித்தவராக நீங்கள் நிற்பீர்கள். துப்பாக்கிக் குற்றத்தோடு மோசடியும் சேரும்.

கச்சேரி சம்பந்தப்படுகிற விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள், ஆகவே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாகாமப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வயல் செய்யும் போடிமார் என்ற பெரிய நிலக்காரர் பலரிடம் பன்னிரண்டாம் போர் (12 bore) துவக்கு இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுக்கப்படும் அந்தத் துவக்குக்கு விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று ஏறி மாவட்டச் செயலாளரிடம் போகும். உங்கள் அப்பாவுக்கு வயலும் இருந்ததா? வயல் வாடியிலோ ஆலையிலோ அப்படியொரு துவக்கு இருக்கிறதா என்று, அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானையிடம் விசாரியுங்கள். இருந்தால் அது தனிப் பத்திரம், தனிக் கோப்பு. பிஸ்டலோடு சேர்த்து ஒரே கடிதத்தில் எழுதிவிடாதீர்கள், இரண்டு கோப்பும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு தூங்கிவிடும். அந்தத் துவக்கும் உரியவர் இறந்தால் பொலிஸ் பொறுப்புக்குப் போக வேண்டியதுதான். வயலை இப்போது செய்கிற முல்லைக்காரரிடம் "இருக்கட்டும், பன்றி வருகிறது" என்று விட்டுவைக்காதீர்கள். அவர் ஓர் இரவு அதை யானைக்கு நீட்டினால், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் உங்கள் வாசலுக்கு வரும். யானையை விரட்ட யானை வெடி என்ற பட்டாசு இருக்கிறது. அதை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு வாங்கட்டும்.

உங்கள் பெயருக்கு மாற்ற வழியே இல்லையா என்றால், விண்ணப்பிக்கலாம். மரணச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், பொலிஸ் அறிக்கை எல்லாம் வேண்டும். உங்களுக்கே உயிராபத்து இருப்பதையும் காட்ட வேண்டும். அப்பாவுக்கு இருந்த காரணம் உங்களுக்குச் சொத்தாக வராது. துப்பாக்கி பொலிஸ் பொறுப்பில் இருக்கும்போது தாராளமாக விண்ணப்பியுங்கள், தாமதத்தால் உங்களுக்கு நட்டமில்லை. கோப்பு நகர எவ்வளவு காலம் ஆகும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். மேசைக்கு மேசை ஒரே பிரதியை மறுபடி மறுபடி கேட்கும் நாட்டில் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஆலையை நீங்கள் தொடர்ந்து நடத்தப்போவதில்லையென்றால் விண்ணப்பமே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அக்டோபர் பிறந்ததும் புதுப்பிக்கும் காலம் தொடங்கும். அப்போது அந்த மனிதரோ வேறொருவரோ வந்து, அப்பாவின் பெயரிலேயே அடுத்த ஆண்டுக்குப் பணத்தைக் கட்டி வைப்போம், பிறகு பார்ப்போம் என்பார். கட்டாதீர்கள். காலமானவர் உயிரோடு இருப்பதாக நீங்களே கையொப்பமிட்டு அறிவித்ததாகிவிடும்.