டோர்டுகேரோவில் யாருக்கு நாம் தேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 24. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கோஸ்டாரிக்காவின் டோர்டுகேரோ என்ற கடலோரக் கிராமத்தில் நான்கு வாரத் தன்னார்வப் பணிக்கு ஒரு முகமை ஆள் சேர்க்கிறது. பல நாட்டு இளைஞர்களோடு தங்கி, காலையில் கிராமத்துச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். இரவில் கடலாமை ரோந்துக்குப் போக வேண்டும். ஓய்வு நாட்களில் படகில் சென்று காட்டுயிர்களைப் பார்க்கலாம் என்கிறார்கள். கட்டணமும் விமானச் செலவும் சேர்ந்தால் என் சில மாதச் சம்பளம் போய்விடும். "காசு கொடுத்துச் சேவை செய்ய அவ்வளவு தூரம் எதற்கு? பெசன்ட் நகரிலேயே ஆமை முட்டையிடுகிறதே" என்று தோழி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே ஒரு பருவம் தங்கியிருந்ததாக நீங்கள் முன்பு எழுதியிருக்கிறீர்கள். இது சேவையா, சுற்றுலாவா?

அன்புடன்,
மா., கோவை

அன்புள்ள மா.,

அந்த முகமை ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும் இரண்டு வேலைகளையும் நான் பிரித்தே பார்ப்பேன். இரவு ரோந்துக்கு வெளியூர் ஆள் நிச்சயம் பயன்படுவார். காலை வகுப்புக்கு நான்கு வாரம் வந்து போகிறவரால் பெரிதாக நன்மை இல்லை, சில வேளைகளில் கெடுதலும் உண்டு. உங்கள் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு சேவை என்றோ சுற்றுலா என்றோ ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எந்த வேலைக்கு யார் தேவைப்படுகிறார் என்று பார்த்தால் போதும்.

டோர்டுகேரோ, லிமோன் மாகாணத்தின் வடக்கில், கரீபியக் கடலுக்கும் அதற்கு இணையாக ஓடும் கால்வாய்களுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. சாலை வழி கிடையாது. லா பாவோனா துறையிலிருந்து படகில் போக வேண்டும், அல்லது சிறு விமானத்தில் இறங்க வேண்டும். 1950-களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இங்கே பச்சை ஆமை என்றும் சொல்லப்படும் பேராமைகளை ஆராயத் தொடங்கினார். 1959-இல் அதற்கென உருவான அமைப்பு இன்று சீ டர்ட்டில் கன்சர்வன்சி என்ற பெயரில் இயங்குகிறது. ஒரே கடற்கரையில் இத்தனை காலம் விடாமல் ஆமைக் கணக்கு எடுக்கப்படுவது உலகில் வேறெங்கும் இல்லை என்றே சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், ஓய்வு பெறுவார்கள், இறந்தும் போவார்கள். கணக்கு நிற்கக் கூடாது. அந்தக் கணக்கை நடத்த ஒவ்வோர் ஆண்டும் புதிய கால்களும் கண்களும் தேவைப்படுகின்றன என்பதால்தான் உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்று முகமையின் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடற்கரையில் எட்டில் ஒரு மைலுக்கு ஒன்றாக எண்ணிட்ட கம்பங்கள் இருக்கும். கறுத்த எரிமலை மணலில், பெரும்பாலும் மழையில், கறுப்பு உடையோடு நடக்க வேண்டும். வெள்ளை விளக்குக்கு அனுமதியில்லை. சிவப்பு விளக்கையும் தேவைப்படும்போது மட்டுமே போடலாம். கேமராவை அறையிலேயே வைத்துவிட வேண்டும். மணலில் டிராக்டர் ஏறியதுபோல் அகலமான தடம் தெரிந்தால் எல்லோரும் நிற்பார்கள். தலைவர் மட்டும் தவழ்ந்து போய்ப் பார்ப்பார். ஆமை குழி தோண்டும்போது நெருங்கினால் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பின் துடுப்புகளை மாற்றி மாற்றிக் கிண்ணம்போல் மடக்கி, மணலை அள்ளி அள்ளி ஓரமாக வைத்து, கைக்கு எட்டாத ஆழம் வரை அது தோண்டும். முதல் முட்டை விழுந்த பிறகு அதன் கவனம் வெளியுலகத்தில் இருப்பதில்லை. அப்போதுதான் உங்கள் முறை வரும். வாலுக்குப் பின்னால் மணலில் குப்புறப் படுத்து, உறையிட்ட கையைக் குழிக்குள் விட்டு, உள்ளங்கையில் வழுக்கி விழும் ஒவ்வொரு முட்டைக்கும் மறு கையிலுள்ள எண்ணும் கருவியை ஒரு தடவை அழுத்த வேண்டும். இரண்டும் மூன்றும் சேர்ந்து விழும், சளி போன்ற திரவத்தோடு விழும், கொசு கடிக்கும், சொறியக் கை இருக்காது. பேராமை ஒரு தடவைக்குச் சுமார் 110 முட்டை இடும். எண்ணிக்கை முடிந்ததும் முன் துடுப்புகளில் பழைய உலோக அடையாளப் பட்டை இருக்கிறதா, விழுந்த தழும்பாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இல்லையென்றால் புதிதாகப் பொருத்தி, ஓட்டின் நீளத்தை நாடாவால் அளந்து, கம்பத்தின் எண்ணோடு குறித்துக்கொண்டு அடுத்த தடத்தைத் தேடிப் போவீர்கள்.

இதில் வீரம் எதுவும் இல்லை என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் முகவரி பொறிக்கப்பட்டிருக்கும். திருப்பி அனுப்புவோருக்குச் சன்மானம் உண்டு. அப்படித் திரும்பி வந்த பட்டைகளில் மிகப் பெரும் பங்கு நிகராகுவாவின் மிஸ்கிட்டோ கடற்கரை மீனவர்களிடமிருந்து வந்தது. அங்குள்ள கடற்புல் படுகைகளில்தான் இந்த ஆமைகள் மேய்கின்றன, இறைச்சிக்காகப் பிடிபடவும் செய்கின்றன என்பது இப்படித்தான் வரைபடமாயிற்று. பெயர் தெரியாத எத்தனையோ பேர் சரியாகப் பொருத்திய பட்டைகளால் கிடைத்த அறிவு அது. இந்த வேலைக்கு ஆமையோடு உறவு வேண்டாம், உள்ளூர் மொழியில் புலமை வேண்டாம். ஒழுங்கும் அடக்கமும் இருந்தால் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு நான்காம் வாரத்தில் கிளம்பிவிடலாம், யாருக்கும் இழப்பில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. உங்களுக்கு முன்பு வந்தவர் நிறங்களையும் எண்களையும் கற்பித்திருப்பார். அவர் எங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் நீங்களும் நிறங்களிலிருந்தே தொடங்குவீர்கள். உங்களுக்குப் பின் வருபவரும் அதையே செய்வார். பிள்ளைகள் பாட்டுப் பாடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, படகுத்துறையில் கையசைத்து, அடுத்த திங்கட்கிழமை வேறொருவரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பழகிவிடுவார்கள். லிமோன் கடற்கரையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்பாதை போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர் அங்கே நிறைய. அவர்கள் வீட்டில் கிரியோல் எனப்படும் கரீபிய ஆங்கில வழக்கைப் பேசுகிறவர்கள். சில பிள்ளைகளுக்கு உங்கள் ஆங்கிலத்தைவிடத் தங்கள் பாட்டியின் ஆங்கிலம் நெருக்கமாக இருக்கும். இதன் மிக மோசமான வடிவத்தைக் கம்போடியாவில் பார்த்தோம். வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் நன்கொடையும் பெருகப் பெருக அநாதை இல்லங்களும் பெருகின. அவற்றிலிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்று பின்னர் தெரிந்தது. டோர்டுகேரோவில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அன்பு காட்ட வருகிறவரின் தேவைக்காகக் குழந்தைகள் ஏற்பாடு செய்யப்படலாம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களோடு பழகுவதுதான் உங்கள் ஆசை என்றால், கற்பிக்கிறவராகப் போகாமல் கற்பவராகப் போங்கள். கிராமத்து இளைஞர்கள் பலர் உரிமம் பெற்ற வழிகாட்டிகள். பயணிகளுக்கு முன்னே தனியாக நடந்து ஆமை இருக்குமிடத்தைக் கண்டு சொல்லும் தேடுநர்களும் அவ்வூர்க்காரர்களே. பயணிகள் கரைக்குப் பின்னால் காத்திருந்துவிட்டு, தகவல் வந்த பிறகே மணலுக்கு இறங்குவார்கள். உங்களை எண்ணும் கருவியோடு ஆமைக்குப் பின்னால் படுக்கவைப்பவர் உங்களைவிட இளையவராகக்கூட இருக்கலாம். அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதே அங்கு உங்கள் முதல் பணி.

அந்த இளைஞர்கள் சுமப்பது என்ன என்பதையும் அறிந்து போக வேண்டும். தெற்கே லிமோன் நகரை ஒட்டிய மோயின் கடற்கரையில் 2013 மே மாத இறுதியில் ஹைரோ மோரா சாண்டோவால் என்ற 26 வயது இளைஞர் ஏழுவரி ஆமைகளுக்கான (லெதர்பேக்) இரவு ரோந்தில் கொல்லப்பட்டார். வெளிநாட்டுத் தன்னார்வலப் பெண்கள் நால்வர் அவருடன் வாகனத்தில் இருந்தனர். முகமூடி அணிந்தவர்கள் அந்தப் பெண்களைக் கடத்திச் சென்று ஒரு வீட்டில் அடைத்தார்கள். கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு அவர்கள் தப்பினர். ஹைரோ தப்பவில்லை. ஆமை முட்டை ஆண்மை பெருக்கும் என்ற நம்பிக்கையில் மதுக்கடைகளில் விலை போகிறது. முட்டை திருடுவோரின் மிரட்டல்கள் குறித்து அவர் முன்பே பத்திரிகையிடம் பேசியிருந்தார். 2015-இல் குற்றம் சாட்டப்பட்ட எழுவரும் விடுவிக்கப்பட்டு, மறுவிசாரணையில் 2016-இல் நால்வர் தண்டிக்கப்பட்டனர். டோர்டுகேரோ மோயின் அல்ல. அங்கே காவலும் கண்காணிப்பும் அதிகம். என்றாலும் நாம் ஊர் திரும்பிய பிறகும் அதே கடற்கரையில் இருந்தாக வேண்டியவர்கள் அவர்கள்.

கால்வாய்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே பார்ப்பீர்கள். மோட்டார் படகை விட்டுத் துடுப்புப் படகில், விடியும்போது போங்கள் என்பது மட்டும் என் யோசனை. வேடந்தாங்கலில் சிறகை விரித்துக் காயும் பாம்புத்தாராவைப் பார்த்திருந்தால் அதன் அமெரிக்க உறவினரை அடையாளம் காண நொடி ஆகாது, இலைக்கோழியும் உண்டு. பச்சைப் பசிலிஸ்க் ஓணான் பின்னங்கால்களால் நீர்மேல் ஓடுவதைக் காணக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜாகுவாரைக் காண்பது அரிது. ஆனால் டோர்டுகேரோ தேசியப் பூங்காவின் கடற்கரையில் அது கழுத்தைக் கடித்துக் கொன்ற பேராமையின் ஓட்டைக் காணலாம். ஆமையைக் காக்க வந்தவர்கள் முதன்முதலில் அதைக் கண்டதும் ஜாகுவார் மீது கோபப்படுவதைக் கவனித்திருக்கிறேன், வழிகாட்டிகள் சிரித்துக்கொள்வார்கள்.

உங்கள் தோழிக்கு இப்போது பதில் சொல்லலாம். சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பருவந்தோறும் இரவில் நடக்கிறது. அங்கே வருவது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). நகர விளக்குகளைக் கண்டு குஞ்சுகள் கடலுக்குப் பதில் சாலையை நோக்கி ஊர்ந்துவிடும் என்பதால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். டோர்டுகேரோவிலோ பொதுவாகக் கூட்டை அதன் இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கோவையிலிருந்து ஓர் இரவு ரயிலில் போய்விடலாம். முதலில் ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் ஒரு வாரக் கடைசியில் அந்த நடையில் கலந்துகொள்ளுங்கள். தூக்கம் கெட்டு மணலில் மணிக்கணக்காக நடந்து, ஓர் ஆமைகூடத் தென்படாமல் திரும்பிய பிறகும் மறுபடி போகத் தோன்றினால், கோஸ்டாரிக்காவுக்குச் செலவிடும் பணம் வீணாகாது.

முகமைக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்: ரோந்தை வழிநடத்துபவர் உள்ளூர்க்காரரா, கட்டணத்தில் எவ்வளவு டோர்டுகேரோவிலேயே தங்குகிறது, வகுப்பைத் தவிர்த்துவிட்டு ரோந்துக்கு மட்டும் சேர முடியுமா. வகுப்பு கட்டாயம் என்றால், ஆராய்ச்சி அமைப்பிடமே நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பேராமைப் பருவம் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம். விடுப்பை அதற்கேற்பக் கேளுங்கள். ஸ்பானிய மொழியில் நூற்றைம்பது வரையாவது எண்ணப் பழகிக்கொள்வதும் நல்லது.

அன்புடன்.