அலையாத்திக் காட்டுப் பாக்டீரியாக்களை மனிதர்கள் எப்படிப் பாதிக்கிறோம்?

அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே கறுப்பு, கூடவே அழுகிய முட்டை வாடை. சேறு கெட்டுப்போனதால் வரும் வாடை இல்லை அது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட் உப்பைக் கொண்டு சுவாசித்து, உதிர்ந்த இலைகளை மட்கவைக்கும் பாக்டீரியாக்களின் வேலை. வேரை ஒட்டி வாழும் இன்னொரு கூட்டம் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாக்குகிறது.

முத்துப்பேட்டையில் காட்டின் பக்கத்திலேயே இறால் பண்ணைகள் இருக்கின்றன. பண்ணை நீரோடு தீவன மிச்சம் வந்தால், நைட்ரஜன் உள்ள அம்மோனியா எளிதாகக் கிடைக்கும். நைட்ரஜன் பிடிக்கும் வேலை குறைந்துவிடும். இறால் நோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால், அதைத் தாங்கும் பாக்டீரியாக்களே மிஞ்சிப் பெருகும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அப்புறம், பிச்சாவரம். அங்கே மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறியது. உப்பைத் தாங்கும் சில பாக்டீரியா வகைகள்தான் அப்படிப்பட்ட மண்ணில் நிலைக்கும். பிறகு கால்வாய் வெட்டி அலைநீரை உள்ளே விட்டதும் கன்றுகள் பிழைத்தன.