‘கேஸ் என்ன ஆச்சு?’ – கொலையாளி சிக்காத குடும்பங்களின் கேள்விகள்

கொலை நடந்து ஆண்டுகள் ஓடியும் ஆள் பிடிபடாத குடும்பங்களும், அவர்களுக்குத் துணை நிற்க நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

2021இல் என் மகன் ஏரிக்கரையில் இறந்து கிடந்தான். முதலில் அடையாளம் தெரியாத உடல் என்று எழுதினார்கள். பிறகு கொலை வழக்காக மாற்றினார்கள். ஸ்டேஷனில் கேட்டால் ‘விசாரணையில இருக்கு’ என்ற ஒரே பதில்தான். கேஸ் நடக்கிறதா, மூடிவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

ஐயா, முதலில் எஃப்.ஐ.ஆரை எடுத்து, புகார்தாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடையாளம் தெரியாத உடல் என்றால் பெரும்பாலும் அந்தக் கிராமத்து வி.ஏ.ஓ.தான் புகார் கொடுத்திருப்பார். சிக்கலே அங்கேதான். வழக்கைப் போலீஸ் முடித்து அனுப்பும்போது கொடுக்கிற ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை முடிக்கிறோம் என்ற அறிவிப்பு) புகார்தாரருக்குத்தான் போகும். பழைய வி.ஏ.ஓ. மாற்றலாகிப் போயிருப்பார்; புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கி ஃபைலில் சொருகிவிடுவார். பெற்றவர்களுக்குச் செய்தியே வராது.

எஃப்.ஐ.ஆர். நகல் இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்துத் தேடலாம். எஃப்.ஐ.ஆர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் மட்டும் அதில் இருக்காது.

குற்ற எண் கைக்கு வந்ததும் ஸ்டேஷனை விட்டுவிட்டு, அந்த ஸ்டேஷனுக்கு உரிய ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்குப் போங்கள். இறுதி அறிக்கை தாக்கலாகியிருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். தாக்கலாகியிருந்தால் சான்றிட்ட நகல் கேட்டு மனு போடுங்கள். நீங்கள் புகார்தாரர் இல்லை என்பதால் அது மூன்றாம் நபர் மனுவாகத்தான் போகும். உறவுமுறையைக் காட்ட வாரிசுச் சான்றிதழ் நகலைச் சேர்க்காவிட்டால் திருப்பிவிடுவார்கள்.

அறிக்கையில் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று எழுதியிருந்தாலும் அதோடு முடிந்துவிடாது. பகவந்த் சிங் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனியுங்கள்: முடிப்பு அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். இறந்தவரின் உறவினருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவர் தானாக வந்து ஆட்சேபிக்க உரிமை உண்டு. அதாவது, உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்கள் போனால் கேட்டாக வேண்டும். அந்த ஆட்சேப மனுவில் ‘போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை’ என்று பொதுவாக எழுதுவது வீண். மகன் கடைசியாகப் பேசிய எண்ணின் அழைப்புப் பட்டியலை வாங்கினார்களா? அவனோடு கிளம்பியவரின் வாக்குமூலம் இருக்கிறதா? விசெரா அறிக்கை (உள்ளுறுப்புகளின் ஆய்வக அறிக்கை) வந்ததா? இப்படி ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியாக எண் போட்டுக் காட்டினால்தான் மாஜிஸ்திரேட் மேல்விசாரணைக்கு உத்தரவிட வழி கிடைக்கும்.

உங்கள் வழக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் கீழ் வருகிறது. மேல்விசாரணைக்கு அதன் 173(8) பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பதிவான வழக்குகளுக்கு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். பொருந்தும். அதன் 193ஆம் பிரிவுப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். இறந்தவரின் வாரிசும் சட்டப்படி ‘பாதிக்கப்பட்டவர்’தான். வாய்ப்பேச்சாகக் கேட்காமல், புது வழக்கென்றால் இந்தப் பிரிவையும் குறிப்பிட்டு, எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். இன்ஸ்பெக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவர் மேஜையில் உங்கள் மகன் பெயரைக் கொண்டுவந்து வைக்கப்போவது அந்தத் தபால்தான்.

எங்கள் நண்பனைக் கொன்றவர்கள் யார் என்று தெரியவில்லை. போஸ்டர் ஒட்டி, வாட்ஸ்அப்பில் பரப்ப நினைக்கிறோம். சந்தேகப்படும் நபரின் படத்தையும் போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

போடவே கூடாது தம்பி. அவதூறு வழக்கு வரும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் உங்கள் நண்பனின் வழக்கையே கெடுத்துவிடும் என்பது. நாளைக்கு அந்த ஆளே பிடிபட்டால், அவரைப் பலரோடு வரிசையில் நிறுத்தி, நேரில் பார்த்த சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் வாட்ஸ்அப் படத்தை எடுத்து நீட்டி, ‘சாட்சி அடையாளம் காட்டியது இந்தப் படத்தைப் பார்த்துத்தானே?’ என்று கேட்டால் அணிவகுப்பின் மதிப்பு போய்விடும்.

போஸ்டர் ஒட்டுவது சாட்சியைத் தேடத்தான். ‘நீதி வேண்டும்’ என்று பெரிய எழுத்தில் போட்டால் படிக்கிறவர் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார். அவர் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். மாதிரிக்கு:

“12.3.2023 ஞாயிறு இரவு 9 மணி முதல் 10.30 வரை பைபாஸ் பெட்ரோல் பங்க்கிலிருந்து வாய்க்கால் பாலம் வரை சென்றீர்களா? சிவப்பு பல்சர் வண்டியில் நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்த இவரைப் பார்த்தீர்களா? சிறு தகவலானாலும் சொல்லுங்கள்.”

தேதியை மட்டும் போட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. அன்று ஊரில் கோயில் கொடை நடந்ததா, கரண்ட் போனதா, மழை கொட்டியதா என்று பார்த்து அதையும் சேருங்கள். ‘கொடை முடிஞ்சு தேர் நிலைக்கு வந்த ராத்திரி’ என்றால் பத்து வருடம் கழித்தும் சொல்வார்கள். படம் அண்மையில் எடுத்ததாக, முகம் நேராகத் தெரிவதாக இருக்கட்டும். ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி எடுத்த படம் உதவாது. ஏ3 தாள் போதும். டீக்கடை, ரேஷன் கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று சம்பவம் நடந்த நேரத்தில் அந்த வழியில் நடமாடுகிறவர்கள் நிற்கும் இடங்களாகப் பார்த்து, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். பொதுச் சுவரில் ஒட்டினால் 1959ஆம் ஆண்டின் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் பாயும்.

தொடர்பு எண்ணாகக் குடும்பத்தாரின் எண்ணைப் போடாதீர்கள். நள்ளிரவில் குடித்துவிட்டு அழைப்பவர்களும், ‘பத்தாயிரம் அனுப்பு, ஆளைக் காட்டுறேன்’ என்பவர்களும்தான் முதலில் வருவார்கள். காவல் நிலைய எண்ணையும் குற்ற எண்ணையும் போடுங்கள். ஒட்டும் முன் விசாரணை அதிகாரியிடம் ஒரு பிரதி கொடுங்கள். கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு விவரத்தை (காயம் எங்கே, எந்த ஆயுதம்) போலீஸ் வெளியே விடாமல் வைத்திருக்கக்கூடும். உங்கள் போஸ்டரில் அது இருந்தால், பின்னால் வரும் வாக்குமூலம் உண்மையா என்று உரசிப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கொலையோடு பாலியல் வன்முறையும் சேர்ந்த வழக்கு என்றால் இறந்தவரின் பெயரோ படமோ போடக்கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.சின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. குடும்பம் சம்மதித்தாலும் போதாது, செஷன்ஸ் நீதிபதி அனுமதிக்க வேண்டும் என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டமும் தடுக்கிறது. அஞ்சலி பேனர் அடிக்கும் முன் வழக்கில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

அக்கா இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இனிமேல் ஆள் கிடைத்தாலும் கேஸ் காலாவதியாகியிருக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

ஆகாது. கொலைக்குக் காலவரம்பே கிடையாது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் அஞ்சல் என்ற ஊரில் 2006இல் ஒரு தாயும் பிறந்து 17 நாளான இரட்டைக் குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில், தேடப்பட்டுவந்த இரண்டு முன்னாள் ராணுவத்தினரை 2025 ஜனவரியில் புதுச்சேரியில் வைத்து சி.பி.ஐ. கைது செய்தது. பழைய புகைப்படத்தை வைத்து, இப்போது முகம் எப்படி இருக்கும் என்று கணினியில் உருவாக்கித் தேடியிருக்கிறார்கள்.

கோட்டயத்தில் 1992இல் கிணற்றில் இறந்து கிடந்த கன்னியாஸ்திரி அபயா வழக்கை உள்ளூர் போலீஸ் தற்கொலை என்றது. சி.பி.ஐ.யே பலமுறை முடித்துவைக்கக் கேட்டும் கோர்ட் ஏற்கவில்லை. ஊர்க்காரர்கள் அமைத்த போராட்டக் குழு விடாமல் நின்றது. 2020 டிசம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2022இல் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து, மேல்முறையீடு முடியும்வரை ஜாமீன் கொடுத்தது வேறு விஷயம். அந்த வழக்கில் உண்மையான அடி, இறந்தவரின் உடைகள் போன்ற பொருட்கள் முதலிலேயே அழிக்கப்பட்டதுதான்.

உங்கள் வேலையும் அங்கிருந்தே தொடங்கட்டும். கைப்பற்றிய பொருட்களைப் படிவம் 95இல் பட்டியலிட்டு கோர்ட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த நகலை வாங்குங்கள். முடித்த வழக்கின் பொருட்களை அழிக்க உத்தரவு வாங்குவது வழக்கம். அக்காவின் சேலையோ நகக்கத்தரிப்போ அங்கே இன்னும் இருந்தால், டி.என்.ஏ. சோதனைக்கு வாய்ப்பிருப்பதால் அழிக்கக் கூடாது என்று இப்போதே மனு போடுங்கள். வீட்டில் அவர் பயன்படுத்திய சீப்பு இருந்தால் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

சி.பி.ஐ.க்கு மாற்றினால் கண்டிப்பாகக் கண்டுபிடிப்பார்களா?
– வாசகர், கரூர்

அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை. திருச்சி தொழிலதிபர் ராமஜெயம், அமைச்சராக இருந்த கே.என்.நேருவின் தம்பி, 2012 மார்ச் 29 அன்று நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் கடத்திக் கொல்லப்பட்டார். உள்ளூர் போலீஸ், மாநிலக் காவல்துறையின் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு கை மாறியது. 50 லட்சம் ரூபாய் சன்மானமும் அறிவித்தார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. ஏஜென்சி மாறும்போது முதல் சில வாரங்களில் கிடைத்திருக்க வேண்டிய தடயம் திரும்பி வராது. சி.சி.டி.வி. பதிவு பெரும்பாலான கடைகளில் 15 முதல் 30 நாளில் தானாக அழிந்துவிடும். போன் அழைப்பு விவரங்களைக் கம்பெனிகள் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கட்டாயமில்லை. ஆகவே கொலை நடந்த வாரத்திலேயே எந்தெந்தக் கடைகளில் கேமரா இருக்கிறது என்று எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். நீங்களே போய் பென் டிரைவில் எடுக்க வேண்டாம்; கருவியை வைத்திருப்பவர் தரும் சான்றிதழ் இல்லாமல் அது கோர்ட்டில் நிற்காது.

இறந்தவரின் சிம்மையும் மறக்காதீர்கள். 90 நாள் பயன்பாடு இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டித்து, பின்னர் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் திறக்கப்படாவிட்டால் அழிந்துவிடும். போன் வீட்டில் இருந்தால் லாக்கைத் திறக்க முயலாமல், ரசீது வாங்கிக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.

என் கணவரைக் கொன்றவர் யார் என்றே தெரியவில்லை. குற்றவாளி சிக்கினால்தான் இழப்பீடு என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளோடு என்ன செய்வது?
– வாசகி, தருமபுரி

அம்மா, உங்களிடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். குற்றவாளி யாரென்று தெரியாமல் கோர்ட்டில் விசாரணையே நடக்காவிட்டாலும் குடும்பத்தார் இழப்பீடு கேட்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 396(4) தெளிவாகச் சொல்கிறது. பழைய வழக்கு என்றால் சி.ஆர்.பி.சி. 357ஏ(4). மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அவர்கள் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் அங்கே வக்கீலும் இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மனு சிக்குவது பெயரில்தான். எஃப்.ஐ.ஆரில் ‘முருகன்’, ஆதாரில் ‘முருகேசன்’ என்றால் மாதக்கணக்கில் கிடக்கும். இருவரும் ஒருவரே என்று வி.ஏ.ஓ.விடம் முன்கூட்டியே சான்று வாங்குங்கள். தாமதிக்கவும் வேண்டாம், காலவரம்பைக் காட்டித் தள்ளிவிடுவார்கள்.

நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால் நிவாரணம் தனி. மத்திய அரசின் 2016 விதிப்படி கொலைக்கு 8.25 லட்சம் ரூபாய். பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். அதாவது ஆள் சிக்காவிட்டாலும் முதல் பாதி உண்டு. இதை ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். சொன்னால் என் உயிருக்கு ஆபத்து வருமோ என்று பயம்.
– பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுச் சட்டமாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு போடலாம், டி.எஸ்.பி. ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை தருவார். உங்கள் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதியச் சொல்லிக் கேளுங்கள். போலீஸிடம் மட்டும் சொன்னதைவிட அதற்கு எடை அதிகம். பதிந்துவிட்டால், உங்களை மிரட்டி வாயடைப்பதில் கொலையாளிக்கு இருக்கும் லாபமும் குறையும். எங்களுக்கு எழுதிய கடிதத்தில் இருந்த விவரங்களை நாங்கள் வெளியிடப்போவதில்லை. வேறு யாருக்கும் எழுதாதீர்கள்.

பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார்கள். போய் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.
– வாசகி, ஈரோடு

பேச்சைவிட வேலைதான் தேவை. காரியம் முடிந்து பதினாறாம் நாளுக்குப் பிறகு உறவினர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்துதான் உங்கள் முறை தொடங்குகிறது. கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் போகும் நாளில் கூடப் போங்கள். ஒரு நோட்டில் எந்தத் தேதியில் எந்த அதிகாரியைப் பார்த்தார்கள், என்ன சொன்னார் என்று நீங்களே எழுதி வையுங்கள். அழுதுகொண்டிருக்கிற தாய்க்கு அது முடியாது. மைக்கை நீட்டிக்கொண்டு யாராவது வந்தால், பேசுவதா வேண்டாமா என்பதைக் குடும்பம் முடிவு செய்யும்வரை வாசலிலேயே நிறுத்துங்கள். ‘எல்லாம் விதி’ என்று மட்டும் சொல்லாதீர்கள், கொன்றவன் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறான். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்கவும் வேண்டாம். பிறந்தநாளன்று ஒரு கிண்ணம் பாயசத்தோடு போய், ‘இன்னைக்கு அவன் பிறந்தநாள்தானேக்கா’ என்று உட்காருங்கள். மீதியை அவரே பேசுவார்.