கூண்டைத் திறக்கும் கை யாருடையது?

கேள்வி: பெங்களூரு மர்பி டவுனில் மொட்டை மாடியில் ஆறு ஆண்டுகளாகக் கிளிமூக்கு விசிறிவால் கோழிகள் வளர்க்கிறேன். அடுத்த மாதம் நகரில் நடக்கும் நாட்டுக்கோழிக் கண்காட்சிக்கு முதன்முறையாக ஒரு சேவலையும் இரண்டு வெடைகளையும் (இளம் பெட்டைக் கோழிகள்) கொண்டுபோகிறேன். சென்ற முறை அங்கே ஒருவருடைய கோழி காணாமல் போனதாகக் கேள்விப்பட்டேன். போதாததற்கு, வருகிறவர்கள் கேட்காமலேயே கூண்டைத் திறந்து கோழியைத் தூக்கிப் பார்க்கிறார்களாம். எல்லாரும் மூத்தவர்கள், முகம் தெரிந்தவர்கள். அவர்கள் மனம் நோகாமல் எப்படித் தடுப்பது? திருட்டு நடந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. ஏன் என்று சொல்ல, என் கோழி போன கதையையே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே நகரில் நடந்த ஒரு கண்காட்சி. மாலை ஐந்து மணி இருக்கும், பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். சேவலைப் பெட்டியில் அடைத்து வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செவலை வெடையின் கூண்டு காலியாக இருந்தது. கதவு கொக்கி போட்டு ஒழுங்காகச் சாத்தப்பட்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து மரத்தூள் நனைந்து, அந்த ஈரத்தில் ஒரே ஒரு செந்நிற இறகு ஒட்டிக் கிடந்தது. பக்கத்துக் கூண்டுக்காரர்கள் மூன்று பேரும் அந்த ஆளைப் பார்த்திருந்தார்கள். “உங்கள் மச்சான் என்று நினைத்தோம்” என்றார் ஒருவர். காலையிலிருந்து யார் யாரோ அந்த வெடையைத் தூக்கி எடை பார்த்தார்கள், இறக்கையை விரித்தார்கள். நானும் பெருமையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகத் தூக்கியவன் திரும்ப வைக்கவில்லை. மற்றவர்களுக்கும் அவனுக்கும் அது ஒன்றுதான் வேறுபாடு.

பிறர் கோழியைத் தொடுவதில்லை என்ற வழக்கம் உள்ள இடத்தில் கூண்டுக்குள் போகும் அந்நியக் கை உடனே கண்ணில் படும். எல்லாரும் எல்லாக் கூண்டையும் திறக்கும் இடத்தில் திருடனுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. ஆகவே நீங்கள் “தொடாதீர்கள்” என்று சொல்வது பக்கத்துக் கூண்டுக்காரருக்கும் சேர்த்துச் செய்கிற காவல். அதற்காகக் கூச்சப்படாதீர்கள்.

சொல்வதற்குக் கௌரவமான காரணம் ஒன்று இருக்கிறது, அது முழு உண்மையும்கூட: வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய் கை, உடை, செருப்பு வழியாகவே ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும். 15 நாள் வரைகூட ஆகலாம். நலமாகத் தெரிகிற கோழியைத் தொட்ட கைதான் உங்கள் கூண்டுக்கும் வருகிறது. எனவே, “அண்ணா, மன்னிக்க வேண்டும். வீட்டில் சின்னக் குஞ்சுகள் இருக்கின்றன, கழிச்சல் பயம். நானே எடுத்துக் காட்டுகிறேன்” என்று சொல்லுங்கள். நல்ல வளர்ப்பாளர் எவரும் இதற்குக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. கோபிக்கிறவர் மீது அன்று முழுவதும் ஒரு கண் வைத்திருங்கள்.

எடுத்துக் காட்டும்போது உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, கால்களை விரலிடுக்கில் பிடித்து, கதவு வழியாகத் தலை முதலில் வருமாறு எடுங்கள். உள்ளே விடும்போதும் தலைதான் முதலில். வால் முன்னே வந்தால் கம்பியில் மாட்டி இறகு ஒடியும். பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். ஒடிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். விசிறிவாலில் அது பரிசையே கெடுத்துவிடும். மூத்தவர் ஒருவர் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் கிருமிநாசினியை நீட்டுங்கள், நீங்களே அவர் கையில் கொடுங்கள், நீங்களே திரும்ப வாங்கி உள்ளே விடுங்கள். நடுவர் மட்டும் விதிவிலக்கு. இரண்டு சேவல்களை நேருக்கு நேர் நிறுத்தி வேகம் பார்க்க யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கூண்டில் ஓர் அட்டை தொங்கட்டும். தமிழில் மட்டும் எழுதினால் இந்த ஊரில் போதாது. ‘தயவிட்டு முட்டபேடி’ என்பதைக் கன்னட எழுத்தில் பெரிதாக எழுதி, கீழே தமிழும் ஆங்கிலமும் உருதுவும் சேருங்கள். விற்பனைக்கு இல்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். விற்பதாக இருந்து அச்சாரம் வாங்கிவிட்டால் அந்த நிமிடமே ‘விற்றாகிவிட்டது’ என்று எழுதி மாட்டுங்கள். திருட்டு என்று கூச்சல் எழும் சில இடங்களில் நடந்திருப்பது திருட்டல்ல. ஒரே கோழிக்கு இருவரிடம் வாக்குக் கொடுத்த குழப்பம்.

பூட்டுக்கு வருவோம். நடுவர் பார்த்து முடித்ததும் கதவின் மேலும் கீழும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கடையில் எளிதில் கிடைக்கும் வெள்ளை, கறுப்பு வேண்டாம். திருடன் பையில் அதே நிறம் இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுவான். அவசரத்துக்கு வெட்டுவதற்குக் கட்டர் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கோழி போவது பெரும்பாலும் மூட்டை கட்டும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் பெட்டியோடு போகிற எவரையும் யாரும் சந்தேகிப்பதில்லை. கட்டாயம் இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் சுமக்கட்டும், ஒருவர் கூண்டருகிலேயே நிற்கட்டும். அமைப்பாளர்களிடம் இப்போதே இரண்டு வேண்டுகோள் வையுங்கள். குறித்த நேரத்துக்கு முன் எந்தக் கோழியும் வெளியே போகக் கூடாது; வாசலில் கூண்டு எண்ணையும் சீட்டையும் ஒப்பிட்ட பிறகே விட வேண்டும்.

முட்டையையும் மறந்துவிடாதீர்கள். சேவலைப் பிரித்து இரண்டு வாரம் ஆன வெடைகூடக் கருவுள்ள முட்டை இடக்கூடும். கூண்டில் கிடக்கும் ஒரு முட்டையை எடுத்துப் போகிறவன் உங்கள் பல ஆண்டு உழைப்பின் வம்சத்தையே எடுத்துப் போகிறான். பிரிட்டனில் பல கண்காட்சிகளில் அங்கே இடும் முட்டைகளை அழித்துவிடுவதையே விதியாக வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த விதி இல்லையென்றால் கண்ணில் பட்டதும் எடுத்து வையுங்கள்.

என் வெடை திரும்பவில்லை. சேவலுக்கு நூறு படம் எடுத்து வைத்திருந்த நான் அந்த வெடைக்கு உருப்படியான ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. ‘செவலை வெடை, வயது ஒன்றரை’ என்று சொன்னால் யார் தேடித் தருவார்கள்? ஆகவே புறப்படும் காலையில் ஒவ்வொரு கோழிக்கும் இரு பக்கமும் முகம், கொண்டை, கால் செதில், நக நிறம், விரித்த இறக்கை, விரித்த வால் எனப் படம் எடுங்கள். காலில் மாட்டும் சுருள் வளையம் அடையாளத்துக்கு உதவாது, ஒரு நொடியில் கழற்றிவிடலாம். மூடிய வளையத்தைக் குஞ்சுப் பருவத்தில்தான் மாட்ட முடியும். கால் பெருத்த பிறகு வெட்டினால் ஒழிய வராது. இனி பொரிக்கும் குஞ்சுகளுக்கு முதல் நாளே விரலிடைச் சவ்வில் துளையிடும் முறையும் இருக்கிறது. இரு கால்களிலும் சேர்த்து நான்கு சவ்வுகள், துளை இருப்பதும் இல்லாததுமாக 16 வகை அடையாளம் கிடைக்கும். வளர்ந்த கோழிக்கு நெஞ்சுத் தசையில் 15 இலக்க மைக்ரோசிப் பொருத்தலாம். இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடமே போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கோழி போய்விட்டால் முதல் வேலை வாசலை அடைக்கச் சொல்வது, ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்வது. அடுத்தது போலீஸ். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வழக்குப் பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 303ஆம் பிரிவில் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல்முறை சிக்கியவனாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகை வழக்கில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணையில் இறங்கவும் முடியாது. உங்கள் வெடை பதினைந்தாயிரம் பெறும் என்றால் அதைக் காட்ட ரசீதோ பணம் அனுப்பிய பதிவோ கையில் இருக்க வேண்டும். சொந்தக் குஞ்சு என்றால், அதே தாயின் குஞ்சுகளை விற்ற கணக்கைக் காட்டுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் கோழியின் படத்தையும் அடையாளத்தையும் போடுங்கள். சந்தேகப்படும் ஆளின் படத்தைப் போடாதீர்கள். தவறாகப் போனால் அவதூறு வழக்கு உங்கள் மீது வரும். அதைவிட, குற்றமற்ற ஒருவர் இந்த வட்டாரத்தில் தலைகாட்ட முடியாமல் போய்விடும்.

மூன்றும் பத்திரமாக வீடு திரும்பினாலும் நேராக மாடியில் மற்றக் கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். தீனி வைக்கும்போது வீட்டில் இருந்தவற்றுக்கு முதலில், கண்காட்சிக்குப் போய்வந்தவற்றுக்குக் கடைசியில்.