இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனின் மலைகளை மண்ணரிப்பு எப்படிச் செதுக்கியது? அதை எப்படித் தணிக்கலாம்?

மண்ணரிப்பு என்பது நீரோ காற்றோ மண்ணையும் பாறைத் துகள்களையும் பெயர்த்து வேறிடம் கொண்டு செல்வதாகும். தாழ்வாரத்திலிருந்து விழும் மழைநீர் முற்றத்தில் வரிசையாகக் குழி பறிப்பதைப் போல, 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேஜ் எரிமலையில் நிலச்சரிவுகளும் மழையும் சேர்ந்தே சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்னும் மாபெரும் பள்ளங்களை அகழ்ந்தன. 2007 பிப்ரவரியில், கமேத் புயலின்போது, கொம்மெர்சோன் எரிமலைவாயில் 72 மணி நேரத்தில் 3,929 மி.மீ. மழை பதிவான தீவு இது.

மலையின் தேய்மானத்தை நிறுத்த இயலாது. தோட்டத்து மேல்மண்ணை நிச்சயம் காக்கலாம். நம்மவர் நன்கறிந்த வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்டால், தூர்கள் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைத் தங்கவைக்கும். வேர்களோ பக்கவாட்டில் அதிகம் படராமல் ஆழமாக இறங்கி மண்ணை இறுகப் பிடிக்கும். கரும்புச் சோகையை எரிக்காமல் பரப்பிவிடுவதும் மிகுந்த பயன் தரும்.

உயர்ந்த மரங்கள் மட்டுமே போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இலைகளில் திரண்டு உயரத்திலிருந்து விழும் பெருந்துளிகள், சருகோ புல்லோ மூடாத வெறுந்தரையை இன்னும் பலமாகத் தாக்கும்.