லைன் இருக்கா? கைத்தொலைபேசிச் சந்தை பற்றி நீங்கள் கேட்டவை

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து பேசியபோது இரண்டு மணி நேரம் போதவில்லை. மிச்சக் கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கோலாலம்பூரில் 27 வருடம் கைத்தொலைபேசிக் கோபுரம், ஆன்டெனா, அலைக்கற்றை (போன் பேச்சும் டேட்டாவும் போகும் ரேடியோ அலைவரிசை) என்றே என் வேலை ஓடியது. தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட தாள்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ரிலோட் கடைக்காரர், செந்தூல்): அண்ணே, போன் சந்தை வளர்கிறது என்று பத்திரிகையில் போடுகிறார்கள். என் கடையில் ரிலோட் (முன்பணம் கட்டும் சிம்முக்குப் பணம் ஏற்றுவது) வியாபாரம் பாதியாகிவிட்டது. எது உண்மை?

பதில்: இரண்டுமே உண்மைதான் தம்பி. நம் மலேசியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர் இருக்கிறோம். 100 பேருக்கு 130க்கும் மேற்பட்ட சிம் புழங்குகிறது. அதாவது, புதிதாகப் போன் வாங்க ஆள் பாக்கி இல்லை. ஆள் கணக்கில் இந்தச் சந்தை எப்போதோ நிரம்பிவிட்டது.

வளர்வது டேட்டா. ஒரு காலத்தில் 10 வெள்ளி (ரிங்கிட்) ரிலோட் போட்டால் அது பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் கரையும். இன்று பேச்சு வாட்ஸ்அப்பில் போய்விட்டது, எஸ்எம்எஸ் போடுகிறவர் அரிது. அதே 30, 40 வெள்ளிக்கு முன்பைவிடப் பல மடங்கு டேட்டா கேட்கிறோம், கொடுக்கிறார்கள். கோபுரத்தின் சுமை ஏறிக்கொண்டே போகிறது, கம்பெனியின் வரவு அந்த வேகத்தில் ஏறவில்லை. வரவு ஏறாதபோது எங்கே கை வைப்பார்கள்? நடுவில் நிற்பவரின் கமிஷனில்தான். 2018 கடைசியில் போனிலேயே உடனே பணம் அனுப்பும் டூயிட்நவ் வந்தது, அதை ஒட்டி இ-வாலட் பழக்கமும் வேகமாகப் பரவியது. இப்போது படுக்கையில் படுத்தபடியே ரிலோட் போட்டுக்கொள்கிறார்கள். மாதா மாதம் பில் கட்டும் போஸ்ட்பெய்டுக்கு மாறுகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

உங்கள் கடைக்கு வேலை இருக்கிறது, ரிலோட்டில் மட்டும் இல்லை. நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளிக்கு பாஸ்போர்ட்டை வைத்து சிம் பதிவு செய்து தர ஆள் வேண்டும். திரை உடைந்தால் மாற்ற ஆள் வேண்டும். 70 வயது அம்மாவுக்கு வங்கிச் செயலியைப் பொறுமையாகச் சொல்லித் தர ஆள் வேண்டும். அந்த நம்பிக்கையை எந்தச் செயலியும் விற்க முடியாது.

கேள்வி (பொருளாதார மாணவர், மலாயாப் பல்கலைக்கழகம்): ஐயா, இத்தனை கம்பெனிகள் ஏன் வந்தன, ஏன் குறைந்தன?

பதில்: 1985-இல் ஏடியூஆர் (ATUR) 450 என்ற கைத்தொலைபேசிச் சேவையோடு தொடங்கியது. அன்றைய தொலைத்தொடர்பு இலாகா நடத்தியது. காரில் பொருத்துகிற அளவுக்குக் கனமான கருவி, வசதியானவர்களுக்கு மட்டும். 1987-இல் இலாகா நிறுவனமாக மாற்றப்பட்டது, அதுதான் பிறகு டெலிகோம் மலேசியா. அப்புறம் செல்கோம், 1995-இல் மேக்சிஸ், அதே ஆண்டு பிறகு டிஜி என்று பெயர் மாறிய முத்தியாரா என்று வரிசையாக வந்தார்கள். அரசாங்கம் தாராளமாக உரிமம் கொடுத்த காலம் அது. 019, 012, 016 என்ற முன்னெண்ணைக் கேட்டாலே யாருடைய லைன் என்று தெரிந்துவிடும்.

மேக்சிஸைத் தொடங்கிய ஆனந்த கிருஷ்ணன் இதே பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் 86 வயதில் காலமானார்.

நீங்கள் பொருளாதாரம் படிப்பதால் 1997 ஆசிய நிதி நெருக்கடியை மட்டும் ஆழமாகப் பாருங்கள். கோபுரக் கருவி எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, விலை டாலரில். வரவு முழுக்க வெள்ளியில். ஒரு டாலருக்கு 2.50 வெள்ளி என்று கணக்குப் போட்டுத் திட்டம் தீட்டியவர்கள் 1998 ஜனவரியில் 4.80-ஐத் தாண்டிய விலையைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. செப்டம்பரில் 3.80 என்று கட்டி வைத்தார்கள், 2005 ஜூலை வரை அந்தக் கட்டு நீடித்தது. கடன் சுமந்தவர்கள் தனியாக நிற்க முடியவில்லை. 2003-இல் செல்கோம் டெலிகோம் மலேசியாவின் கைக்குப் போனது, இன்னொரு கம்பெனியான டைம்செல் மேக்சிஸிடம் போனது. சந்தையின் இன்றைய உருவத்துக்கு அந்த நெருக்கடிதான் அடித்தளம் போட்டது. அன்று கட்டிய கோபுரங்களில் சிலவற்றில் நானும் ஏறியிருக்கிறேன். கருவி வந்து கிடங்கில் கிடக்கும், பொருத்துவதற்குப் பணம் இருக்காது.

கேள்வி (இல்லத்தரசி, கிள்ளான்): செல்கோமும் டிஜியும் ஒன்றாகிவிட்டார்களே, இனி விலையை ஏற்றிவிடுவார்களா?

பதில்: பயப்பட வேண்டிய கேள்விதான் அம்மா. 2022 நவம்பர் 30-இல் இணைந்தார்கள், ஏறக்குறைய 2 கோடி வாடிக்கையாளர்கள் ஒரே கூரைக்குள் வந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி தனியாக இருந்தால் விலை ஏறும். அதனால்தான் தொடர்பு பல்லூடக ஆணையம் அலைக்கற்றையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு இணைப்பை அனுமதித்தது. மேக்சிஸும் யூ மொபைலும் எதிரே நிற்கின்றன. சொந்தக் கோபுரம் இல்லாமல் மற்றவர்களின் லைனை மொத்த விலைக்கு வாங்கி விற்கும் டியூன் டாக், ரெட்ஒன் போன்றவையும் இருக்கின்றன. இந்தச் சின்னக் கடைகள் உயிரோடு இருக்கும்வரை பெரிய கடை விலையைக் கண்டபடி ஏற்ற முடியாது.

உங்கள் கையிலும் ஓர் ஆயுதம் இருக்கிறது. 2008 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். ஒரே லைனில் பத்து வருடம் இருப்பதற்கு யாரும் பரிசு தருவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் உண்மையில் எத்தனை ஜிபி ஓடுகிறது என்று பாருங்கள். பாதிகூட ஓடாத திட்டத்துக்குப் பணம் கட்டுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பில்லில் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி (தாப்பா அருகே தோட்டத்தில் வசிப்பவர், இதே கேள்வியோடு இன்னும் மூன்று தாள்கள்): 5ஜி 80 விழுக்காடு வந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாசலுக்கு வந்தால்தான் லைன் கிடைக்கிறது. பொய் சொல்கிறார்களா?

பதில்: பொய் இல்லை. ஆனால் அந்த எண் உங்களைப் பற்றியது இல்லை. 2023 முடிவில் எட்டியதாக அறிவித்த 80 விழுக்காடு, மக்கள் வசிக்கும் பகுதிகளின் கணக்கு. நிலப்பரப்பின் கணக்கு வேறு. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஜோர்ஜ் டவுன், ஜொகூர் பாரு என்று நெருக்கமான ஊர்களைப் பிடித்துவிட்டாலே பெரிய எண் வந்துவிடும். மீதி 20 விழுக்காட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தோட்டமும் கிராமமும், சபா சரவாக்கின் உட்புறமும்தான்.

அங்கே ஏன் வரவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். 5ஜி இங்கே பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸிலும் 700 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. 3.5 வேகம் தரும், தூரம் போகாது. 700 தூரம் போகும், வேகம் குறைவு. அந்த 700-ம் 2019 அக்டோபரில் பழைய அனலாக் டிவி ஒளிபரப்பை நிறுத்திய பிறகுதான் காலியானது. இதில் செம்பனை வேறு. அடர்ந்த ஓலையும் அதிலுள்ள ஈரமும் அலையை உறிஞ்சிவிடும். கோபுரத்திலிருந்து பார்த்தால் லயம் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும், நடுவில் முழுக்கச் செம்பனை நிற்கும்.

அப்புறம் பணம். கோபுரம் கட்டினால் போதாது, மின்சாரம் வேண்டும், ஃபைபர் கம்பியோ மைக்ரோவேவ் அலை இணைப்போ கொண்டு வர வேண்டும். நிலம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், அவர்கள் சம்மதம் வேண்டும். 60 குடும்பம் ரிலோட் போடும் காசில் அந்தச் செலவு திரும்பி வராது. கம்பெனியின் கணக்குப்படி அது சரி. அதனால்தான் கம்பெனிகள் தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. லாபம் வராத இடத்துக்கு லைன் கொண்டு போகவே அந்த நிதி. 2020-இல் அரசாங்கம் தொடங்கிய ஜென்டெலா என்ற இணைய வசதித் திட்டமும் அதற்காகத்தான். நகரத்தில் நாம் கட்டும் ஒவ்வொரு பில்லிலும் உங்கள் லயத்துக்கான பங்கு இருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

பேராக்கில் ஒரு தோட்டத்துக்கு அலை அளக்கப் போயிருந்தேன். ஒரு பாட்டி ஜன்னல் கம்பியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, போனை அதற்குள் வைத்திருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கூப்பிடும்போது அந்த ஓர் இடத்தில்தான் மணி அடிக்குமாம். பேசுவதற்கு ஜன்னலில் முகத்தைப் பதித்து நிற்க வேண்டும். என் அளவுக் கருவியில் அந்த வீடு 'சேவை உள்ள பகுதி' என்று பச்சை நிறத்தில் காட்டியது. அந்தப் பச்சையை நான் இன்றுவரை மறக்கவில்லை. 2020-இல் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அவரைப் போல எத்தனையோ பேர்.

செய்ய வேண்டியது இது. ஆணையத்தின் புகார்த் தளத்தில் வீட்டு முகவரியோடு புகார் கொடுங்கள், ஒருவர் மட்டும் இல்லை, லயத்தில் எல்லாரும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதன் நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் தோட்ட நிர்வாகியிடமும் கொடுங்கள். புகார் இல்லாத இடம் வரைபடத்தில் பிரச்சினை இல்லாத இடமாகவே தெரியும். இன்னொன்று: 2021 முடிவில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யாராவது பழைய 3ஜி போன் வைத்திருந்தால், 4ஜி வந்த இடத்திலும் அவர்களுக்கு இணையம் வராது. அதையும் பாருங்கள்.

கேள்வி (பங்குச் சந்தையில் ஆர்வமுள்ளவர், சுபாங் ஜெயா): ஒரு 5ஜி வலையமைப்பு போதாதென்று இரண்டாவது எதற்கு?

பதில்: 2021-இல் அரசாங்கம் டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தை அமைத்து, சுவீடனின் கருவி நிறுவனமான எரிக்சனோடு சேர்ந்து ஒரே 5ஜி வலையமைப்பைக் கட்டியது. டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் தொடங்கியது. எல்லாக் கம்பெனிகளும் அதிலிருந்து மொத்தமாக வாங்கி விற்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. 2023 மே மாதத்தில் அரசாங்கம் இரண்டு வலையமைப்புக்கு மாறப் போவதாக அறிவித்தது, 2024 நவம்பர் 1-இல் இரண்டாவதுக்கு யூ மொபைல் தேர்வானது.

ஆதரிப்பவர்கள் சொல்வது: ஒன்றே இருந்தால் பழுதானால் நாடு முழுக்க நிற்கும், போட்டி இல்லாமல் விலையும் தரமும் தேங்கும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கருத்து வேறு. முதல் வலையமைப்பு இரண்டே வருடத்தில் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணமே, ஒரே தெருவில் நான்கு பேர் நான்கு கோபுரம் நடாததுதான். இரண்டாவது வலையமைப்பும் முதலில் லாபம் வரும் நகரத்தில்தான் கால் வைக்கும். கோலாலம்பூர் மிட் வேலி பேரங்காடியில் இரண்டு 5ஜி, தாப்பாவில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. கிராமப்புறத்துக்கு இத்தனை கோபுரம் என்று உரிமத்திலேயே எழுதி, எழுதியதைச் செய்கிறார்களா என்று வருடா வருடம் வெளியிட்டால் என் மனம் மாறும்.

கேள்வி (தொழிற்சாலை ஊழியர், ஷா ஆலம்): சம்பளம் 1,700 வெள்ளி. 5ஜி போன் வாங்கலாமா?

பதில்: இப்போதைய போன் 4ஜியில் நன்றாக ஓடினால் வேண்டாம். உடைந்தால் வாங்கும்போது 5ஜி வாங்குங்கள். தவணையில் வேண்டாம்.

கேள்வி (பட்டதாரி, பட்டர்வொர்த்): போன் கம்பெனிகளால் நாட்டுப் பொருளாதாரத்துக்கு என்ன லாபம்?

பதில்: கம்பெனிகளை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தகவல் தொழில்நுட்பமும் மின்வணிகமும் சேர்ந்து 2022-இல் நாட்டு உற்பத்தியில் 23 விழுக்காடு. அதில் உங்கள் பினாங்கும் இருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் வந்ததிலிருந்து, சிப்பைப் பொதிந்து சோதித்து அனுப்பும் வேலையில் உலகத்தின் முக்கிய இடமாகிவிட்டது. உலகம் போன் வாங்கினால் பினாங்கில் ஷிப்ட் ஓடும். உலகம் வாங்காவிட்டால் ஓவர்டைம் நிற்கும்.

கோபுரத்தில் ஓடும் வணிகம் இன்னொரு பாதி. பசார் மாலாமில் வடை விற்கும் அக்கா கியூஆர் அட்டையைத் தொங்கவிடுகிறார். கிராப் ஓட்டும் தம்பிக்கு லைன் போனால் அன்றைய வரவு போச்சு. 2024-இல் நாடு 5.1 விழுக்காடு வளர்ந்தது என்றால் இவர்களின் உழைப்பும் அதில் சேர்ந்ததுதான்.

ஒரு சின்னத் தகவல், பினாங்குக்காரர் என்பதால். கடலடிக் கேபிள்கள் பல உங்கள் ஊரில்தான் கரையேறுகின்றன. அவற்றில் ஒன்றான வங்காள விரிகுடா கேபிள் சென்னையையும் பினாங்கையும் இணைக்கிறது. நம் முன்னோர் கப்பலில் நாட்கணக்காகக் கடந்த அதே கடலின் அடியில் கிடக்கிறது. நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கேள்வி (பெயர் எழுதாத தாள்): அம்மாவின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. வங்கி என்று சொல்லிக் கூப்பிட்டார்களாம். எங்கே போவது?

பதில்: இதைப் படித்ததும் 997-க்குக் கூப்பிடுங்கள், தேசிய மோசடித் தடுப்பு மையம். வங்கிக்கும் சொல்லி, போலீஸ் புகாரும் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் உண்டு, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அம்மாவைத் திட்டாதீர்கள். அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டி வாருங்கள், போனை நான் பார்த்துத் தருகிறேன்.