நிழல் எங்கே போனது?

கேள்வி: 1940களில் வந்த, இருளும் நிழலும் மிகுந்த அமெரிக்க ‘ஃபிலிம் நுவார்’ குற்றப்படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பவன் நான். அந்தப் பாணியைத் தொலைக்காட்சிதான் அழித்தது என்று சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாதிதான் உண்மை. மலிவுச் செலவில் எடுக்கப்பட்ட குற்றப்படங்களுக்குத் திரையரங்குக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்தைத் தொலைக்காட்சி வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டது. ஆனால் அப்படங்களில் உழைத்தவர்களுக்கு அடுத்த வேலையைக் கொடுத்ததும் அதுவே.

1948இல் வெளியான ‘ஹி வாக்ட் பை நைட்’ படத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மழைநீர்ச் சுரங்கங்களுக்குள், கைவிளக்கின் வெளிச்சம் மட்டுமே துணையாக, காவலர்கள் கொலைகாரனைத் துரத்தும் அதன் இறுதிக்காட்சியை ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த விதம் இன்றும் என்னை மலைக்க வைக்கிறது. அதில் சிறு வேடம் ஏற்ற ஜாக் வெப், படத்துக்கு ஆலோசகராக இருந்த காவல்துறை அதிகாரியோடு பேசியதிலிருந்துதான் ‘டிராக்நெட்’ என்ற காவல்துறைத் தொடர் பிறந்தது. 1949இல் வானொலியில் தொடங்கிய அத்தொடர், 1951 இறுதியில் தொலைக்காட்சிக்கு வந்தது. நாள், நேரம், இடம் என்று உணர்ச்சி காட்டாமல் அடுக்கிச் செல்லும் வெப்பின் குரல் நுவார் படங்கள் விட்டுச்சென்ற சொத்து.

குரல் வந்தது, இருள் வரவில்லை. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால், அக்காலத்துச் சிறிய திரைகளில் இருண்ட பகுதி முழுவதும் ஒரே கறையாகிவிடும். அதனால் எங்கும் சீராக ஒளி பரப்பும் முறையே வழக்கமாயிற்று. 1951இல் ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடருக்காக, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் படம்பிடிக்க ஏற்றவாறு அத்தகைய ஒளியமைப்பை உருவாக்கியவர், ஜெர்மனியில் ஒளி-நிழல் விளையாட்டுக்குப் பேர்போன ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவில் பங்குகொண்ட கார்ல் ஃபிராய்ண்ட் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ உள்ளிட்ட நுவார் படங்கள் பல உருவான ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளங்களையும், 1957இல் ‘லூசி’ தொடரில் நடித்த லூசில் பால் – டெசி அர்னாஸ் தம்பதியின் டெசிலு நிறுவனமே வாங்கியது.

கேள்வி: அப்படியானால் சின்னத்திரையில் அந்த இருளைப் பார்க்கவே முடியாதா?
– அதே வாசகர்

பதில்: முடியும். 1958இல் தொடங்கிய ‘பீட்டர் கன்’ தொடரைப் பாருங்கள்; இரவு விடுதியும் ஈரத் தெருவும் ஹென்றி மான்சினியின் ஜாஸ் இசையும் அதில் ஒன்றாகக் கூடிவருகின்றன. ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ (1953) படத்தை இயக்கிய ஐடா லூபினோ, பிறகு ‘த்ரில்லர்’ தொடருக்காக இயக்கிய பகுதிகளையும் தவறவிடாதீர்கள்.